தூளி கட்டிய வகுப்பு

"பதினாலு மூணு எவ்வளவு?" என்று கேட்டேன்.

முப்பத்திரண்டு பிள்ளைகளில் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. அதாவது, என் கேள்விக்குத் திறக்கவில்லை. மற்ற எல்லாவற்றுக்கும் திறந்துகொண்டுதான் இருந்தார்கள். பின்வரிசையில் இரண்டு பேர் ஒரு ரப்பர் கொட்டைக்காக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். நடுவில் ஒரு பெண் தன் தோழிக்குப் பேன் பார்த்துக்கொண்டிருந்தாள். காதர் என்ற பையன் பெஞ்சைத் தவிலாக நினைத்து இரண்டு கையாலும் வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தான்.

"நாப்பத்திரெண்டு" என்று பதில் வந்தது. ஜன்னலுக்கு வெளியிலிருந்து.

திரும்பிப் பார்த்தேன். சந்துப் பக்கத்து ஜன்னலில் அஞ்சலை நின்றிருந்தாள். பத்து வயது. இடுப்பில் ஒரு குழந்தை. குழந்தை ஜன்னல் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மிகுந்த ரசனையோடு அதை நக்கிக்கொண்டிருந்தது.

வருகைப் பதிவேட்டில் அஞ்சலைக்கு நாலு நாளாக நான் சுழியம் போட்டுக்கொண்டிருந்தேன். ஏன் வரவில்லை என்று கேட்டேன். வந்துகொண்டுதான் இருக்கிறேன் என்றாள்.

"தம்பியத் தூக்கிட்டு உள்ள வரக்கூடாதுன்னு பெரிய வாத்தியாரு சொல்லிட்டாரு வாத்தியாரம்மா. அதான் வெளிய நின்னு படிக்கிறேன்."

"எத்தனை நாளா?"

"நாலு நாளா."

நாலு நாளாக ஒரு பெண் கைக்குழந்தையோடு வெயிலில் நின்று என்னிடம் பாடம் கேட்டிருக்கிறாள். பத்தடி தூரத்தில் இருந்த எனக்கு அது தெரியவில்லை. என் வகுப்பு அப்படிப்பட்ட வகுப்பு.

ஆறு மாதம் பார்ப்போம்

பட்டர்வொர்த்திலிருந்து இந்தத் தொடரின் வாசகி ஒருவர் கடிதம் எழுதியிருக்கிறார். அந்தக் காலத்தில் ஒரு தமிழ்ப் பெண்ணை எப்படி வாத்தியார் வேலைக்குச் சேர்த்தார்கள் என்று கேட்கிறார். யாரும் ஆசைப்பட்டுச் சேர்க்கவில்லை என்பதுதான் உண்மை.

ரப்பர் விலை விழுந்து, தோட்டங்கள் ஆளைக் குறைத்துக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. இரண்டாம், மூன்றாம் வகுப்புகளுக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தவர் திடீரென்று கப்பலேறி ஊருக்குப் போய்விட்டார். அந்த இடத்துக்கு வேறு ஆள் கிடைக்கவில்லை. என் அப்பா பட்டர்வொர்த்தில் ரயில்வே கிராணி, அதாவது குமாஸ்தா. பெண்கள் பள்ளியில் படித்து முடித்த மகள் வீட்டில் சும்மா இருக்கிறாள் என்று யாரிடமோ சொல்லியிருக்கிறார். பள்ளிக்கூடத்தை நடத்திய வியாபாரிகள் கமிட்டியாகக் கூடிப் பேசி, ஆறு மாதம் பார்ப்போம் என்று முடிவு செய்தார்கள். ஆறாவது மாதக் கடைசியில் பள்ளிகளைச் சோதிக்கும் வெள்ளைக்கார இன்ஸ்பெக்டர் துரை வருவார். அவர் சொல்வதைப் பொறுத்து என்னை வைத்துக்கொள்வதா, அனுப்புவதா என்று தீர்மானமாகும்.

எனக்குப் பத்தொன்பது வயது. தினமும் காலையில் ஃபெரியில் ஏறிக் கடலைத் தாண்டி ஜார்ஜ்டவுனுக்கு வருவேன். கரிப்புகையும் கருவாட்டு வாசனையும் சேர்ந்து அடிக்கும். மேல்தட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கடலைப் பார்த்து முறைத்துப் பழகுவேன். கண்டிப்பான முகம் வேண்டும் என்று எல்லாரும் சொல்லியிருந்தார்கள். கடல் என்னவோ பயந்த மாதிரிதான் தெரிந்தது. பிள்ளைகள் பயப்படவில்லை.

பள்ளிக்கூடம் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலைக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. அந்தச் சாலைக்கு அப்போது வேறு பெயர். முன்பு மசாலாக் கிடங்காக இருந்த கட்டடம் அது. மழை நாளில் சுவரிலிருந்து கிராம்பு வாசனை வரும். மூட்டை தூக்குவதற்காக உத்தரத்தில் அடித்த இரும்புக் கொக்கிகள் அப்படியே தொங்கிக்கொண்டிருக்கும். ஒரே நீளக் கூடத்தைச் சாக்குத் திரை கட்டி இரண்டாகப் பிரித்திருந்தார்கள். இந்தப் பக்கம் நான். அந்தப் பக்கம் பெரிய வாத்தியார் ஞானமுத்து, பெரிய பிள்ளைகளோடு.

முதல் நாள் அவர் என்னிடம் மூன்று பொருள்களைக் கொடுத்தார். சாக்குக்கட்டிப் பெட்டி, வருகைப் பதிவேடு, ஒரு முழ நீளத்தில் கறுப்பான உருட்டு ரூல்தடி. மூன்றாவதுதான் முக்கியம் அம்மா, அது இருந்தால் மற்ற இரண்டும் தன்னால் நடக்கும் என்றார்.

காதரின் கை

இரண்டாவது வாரம் அந்தத் தடியால் காதரின் உள்ளங்கையில் அடித்தேன்.

எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் நடந்தது நடந்ததுதான். காதருக்கு ஒன்பது வயது. அவன் அத்தா துறைமுகத்து வாசலில் காவடி மாதிரி இரண்டு பக்கமும் கூடை தொங்கவிட்டு நாசி கண்டார் என்ற குழம்புச் சோறு விற்பவர். மகனின் குரல் அந்தத் துறைமுகம் வரை கேட்கும். அடி வாங்கிய அன்று அவன் அழவில்லை. சிவந்த கையைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு அதை மடியில் வைத்துக்கொண்டு, மற்றக் கையால் பெஞ்சில் தாளம் போட ஆரம்பித்தான்.

அன்று மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

நான் படித்த பெண்கள் பள்ளியில் ஒரு டீச்சர் இருந்தார். வகுப்பில் பேசினேன் என்று ஒரு சிலேட்டில் "வாயாடி" என்று எழுதி என் கழுத்தில் மாட்டி, சாயங்காலம் வரை நிற்க வைத்தார். அன்று என்ன பாடம் நடந்தது என்று எனக்குத் தெரியாது. கயிறு அறுத்த இடம் மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. அதே மாதிரி காதருக்கும் என்னைப் பற்றி ஒன்று நினைவிருக்கப் போகிறதே என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு தடியை மேஜை இழுப்பறைக்குள் போட்டுவிட்டேன். அடிப்பதை விட்டேனே தவிர, அதற்குப் பதில் என்ன செய்வது என்று தெரியவில்லை. கத்தினேன். கெஞ்சினேன். சத்தம் கூடியதே ஒழியக் குறையவில்லை. ஒரு நாளைக்கு மூன்று தடவை பெரிய வாத்தியார் திரையை விலக்கிக்கொண்டு வந்து நிற்பார். அவர் நிற்கும்வரை வகுப்பு அமைதியாக இருக்கும். திரை விழுந்ததும் பழையபடி சந்தைதான்.

இப்படி நாலு மாதம் ஓடியபோதுதான் ஜன்னலில் அஞ்சலை வந்து நின்றாள்.

மூன்று பேரும் வெளியே

அவளை உள்ளே வரச்சொன்னேன். யோசித்துச் செய்த காரியமில்லை. நாற்பத்திரண்டு என்று சரியாகச் சொன்ன ஒரே ஆளை வெயிலில் நிறுத்தி வைக்க மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

அஞ்சலையின் அம்மா மாரியாயி துறைமுகக் கிடங்கில் கிழிந்த சாக்குத் தைப்பவள். அப்பா தோட்டத்தில் வேலை போனபின் வேறு வேலை தேடித் தெற்கே போயிருந்தார். அதுவரை கைக்குழந்தையைப் பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி பார்த்துக்கொண்டிருந்தாள். அவளும் ஊருக்குக் கப்பலேறிவிட்டாள். குழந்தைக்கு அஞ்சலையை விட்டால் ஆளில்லை.

குழந்தை உள்ளே வந்ததும் வகுப்பே எழுந்து ஓடிவந்து சுற்றிக்கொண்டது. முப்பத்திரண்டு முகங்களை ஒரே நேரத்தில் பார்த்த குழந்தை, ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு வீறிட்டு அழுதது. அதன் பெயர் துரைக்கண்ணு. ஒன்பது மாதம். பிள்ளைகள் ஆளுக்கொரு விதமாகச் சமாதானம் செய்தார்கள். ஒருவன் பூனை மாதிரி கத்தினான். ஒருத்தி கைதட்டினாள். காதர் அவனால் முடிந்த அளவு உரக்க, அழாதே என்று கத்தினான்.

திரை விலகியது.

பெரிய வாத்தியார் குழந்தையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். இது பள்ளிக்கூடமா, பிள்ளைமடமா என்று கேட்டார். நான் என்னென்னவோ சொன்னேன். கணக்கில் இவள்தான் கெட்டிக்காரி என்றேன். இவள் பெயரை அடித்துவிட்டால் திரும்ப வரமாட்டாள் என்றேன். கடைசியில், ஒரு வாரம் மட்டும் பொறுங்கள் சார் என்று கையெடுத்துக் கும்பிட்டேன்.

அவர் வெகுநேரம் மோவாயைத் தடவிக்கொண்டு நின்றார்.

"ஒரு வாரம். திரைக்கு அந்தப் பக்கம் குழந்தைச் சத்தம் கேட்டுச்சுன்னா, மூணு பேரும் வெளிய."

மூன்றாவது ஆள் யார் என்று எனக்கு உடனே புரியவில்லை. அது நான்தான்.

பிள்ளைகள் போட்ட சட்டம்

அவர் போனபின் வகுப்பைப் பார்த்தேன். முதல் தடவையாக எல்லாரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெரிய வாத்தியார் சொன்னதை எல்லாருமே கேட்டிருந்தார்கள்.

எனக்கு வழி தெரியவில்லை என்பதை மறைத்துப் பிரயோஜனமில்லை. அதனால் அதையே சொன்னேன். இந்தக் குழந்தை இங்கே இருக்கணும், அஞ்சலை படிக்கணும், சத்தமும் வரக்கூடாது. இதை எப்படிச் செய்றதுன்னு எனக்குத் தெரியல, உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டேன்.

ஒரு வாத்தியார் தனக்குத் தெரியாததைப் பிள்ளைகளிடம் கேட்பதை அவர்கள் பார்த்ததில்லை. கொஞ்ச நேரம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு கைகள் எழும்பின. எப்போதும் மூன்று பேர் சேர்ந்து கத்துகிறவர்கள், அன்று கையைத் தூக்கிவிட்டுக் காத்திருந்தார்கள்.

"தூளி கட்டணும்லா வாத்தியாரம்மா" என்றான் காதர். "மேல கொக்கி இருக்குல்ல."

மறுநாள் வீட்டிலிருந்து என் பழைய நூல்சேலை ஒன்றை மடித்து எடுத்துக்கொண்டு ஃபெரி ஏறினேன். இரண்டு பெரிய பையன்கள் மேஜைமேல் ஏறி, அதைக் கொக்கியில் கோத்துக் கட்டினார்கள். இழுத்துத் தொங்கிப் பார்த்தார்கள். தாங்கியது. ஆனால் துணி இரண்டு பக்கமும் வந்து மூடிக்கொண்டது. தூளிக்கு நடுவில் விரித்து வைக்க ஒரு கம்பு வேண்டும். எல்லாரும் கம்பு தேடினார்கள். நான் இழுப்பறையைத் திறந்து அந்த உருட்டு ரூல்தடியை எடுத்துக் கொடுத்தேன். அளவெடுத்துச் செய்த மாதிரி பொருந்தியது. காதர் தடியையும் பார்த்தான், என்னையும் பார்த்தான். பிறகு சிரித்தான்.

சட்டங்களையும் அவர்களே போட்டார்கள். குழந்தை தூங்கும்போது யாருக்காவது சந்தேகம் வந்தால் கையைத் தூக்க வேண்டும், நான் பக்கத்தில் போய்க் காதோடு சொல்ல வேண்டும். பெஞ்சை இழுக்கக் கூடாது, தூக்கி வைக்க வேண்டும். யாராவது சத்தம் போட்டால் திட்டக்கூடாது, தூளியை விரலால் காட்டினால் போதும். குழந்தை விழித்திருக்கும் நேரத்தில் பாட்டும் வாய்ப்பாடும் சத்தமாகச் சொல்லிக்கொள்ளலாம். கடைசிச் சட்டம் பேன் பார்த்த பெண் சொன்னது: கணக்கை முடித்தவர்கள் தூளி ஆட்டலாம்.

இதற்குத்தான் போட்டி. தூளி ஆட்டுவதற்காகப் பிள்ளைகள் கணக்குப் போட்ட வேகத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. சிலேட்டுக் குச்சிகள் ஓடும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும்.

மூன்றாவது நாள் பெரிய வாத்தியார் திரையை விலக்கிக்கொண்டு பரபரப்பாக வந்தார். சத்தம் கேட்டு வரவில்லை. சத்தமே கேட்காததால், நான் வகுப்பை வீட்டுக்கு அனுப்பிவிட்டேனோ என்று பார்க்க வந்திருக்கிறார். எல்லாத் தலைகளும் சிலேட்டில் கவிழ்ந்திருந்தன. முன்வரிசைப் பையன் அவரைப் பார்த்து, மரியாதையாகத் தூளியை விரலால் காட்டினான். பெரிய வாத்தியார் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு திரும்பிப் போனார்.

ஏழாம் வாய்ப்பாடு

காதர் மட்டும் தூளிப் பக்கம் வரவேயில்லை.

ஆசை இல்லாமல் இல்லை. குழந்தை சிணுங்கினால் முதலில் திரும்புகிறவன் அவன்தான். ஆனால் கணக்கை முடித்தால்தானே ஆட்டலாம். அவன் சிலேட்டை ஒரு நாள் மெதுவாக எட்டிப் பார்த்தேன். நான் கரும்பலகையில் எழுதிய எண்களை அழகாகப் பார்த்து எழுதியிருந்தான். விடை இருக்க வேண்டிய இடங்களில் ஒன்றுமில்லை.

பக்கத்தில் உட்கார்ந்து, புதுச் சட்டப்படி காதோடு கேட்டேன். அவன் சிலேட்டைக் கையால் மறைத்துக்கொண்டான். பிறகு, எனக்கு வாய்ப்பாடு வராது, ரெண்டாவதுகூட வராது என்று முணுமுணுத்தான். இரண்டு வருஷமாக அதை யாருக்கும் தெரியாமல் வைத்திருக்கிறான். கேள்வி தன்னிடம் வரும்போதெல்லாம் தாளத்தை ஆரம்பித்துவிடுவான். வாத்தியார்கள் தாளத்துக்காக அவனைத் திட்டுவார்கள், கணக்கை மறந்துவிடுவார்கள். நானும் அப்படித்தான் ஏமாந்திருக்கிறேன். ஏமாந்து அடித்தும் இருக்கிறேன்.

என்ன செய்யலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தபோது அஞ்சலை முந்திக்கொண்டாள். அன்று மத்தியான இடைவேளையில் அவள் தூளியை ஆட்டிக்கொண்டே ஏழாம் வாய்ப்பாட்டைச் சொல்லிக்கொண்டிருந்தாள். தூளி ஒரு பக்கம் போகும்போது "ஓரேழு", திரும்பி வரும்போது "ஏழு". போகும்போது "ஈரேழு", வரும்போது "பதினாலு". காதர் அதைக் கேட்டான். அவன் விரல்கள் முழங்காலில் அசைந்தன. மெல்ல எழுந்துபோய்த் தூளியின் மறுபக்கம் நின்று, அவள் சொன்னதைத் தாளத்தோடு திருப்பிச் சொன்னான்.

தாளத்தோடு வந்தால் அவனுக்கு எதுவும் மறக்காது என்பது அன்றைக்குத்தான் எனக்கும் தெரிந்தது, அவனுக்கும் தெரிந்தது. மூன்று வாரத்தில் பத்தாம் வாய்ப்பாடு வரை வந்துவிட்டான். அப்புறம் வகுப்பு முழுக்க அந்தத் தாலாட்டுத்தான். மழை பிடித்துக்கொண்டு தகரக் கூரை அதிரும் நாள்களில் நான் பாடம் நடத்த முடியாது. அப்போது எல்லாரும் தூளியைச் சுற்றி நின்று, மழைக்கு மேலாக வாய்ப்பாட்டைப் பாடுவார்கள். துரைக்கண்ணு தூளிக்குள்ளிருந்து தலையை நீட்டி, பல் முளைக்காத வாயால் சிரித்துக்கொண்டிருப்பான். கிராம்பு வாசனையும் ஈர மண் வாசனையுமாகக் கூடம் நிறைந்திருக்கும். நான் என்ன செய்வேன்? நானும் பாடுவேன்.

ஒரு வாரக் கெடு எப்போதோ முடிந்திருந்தது. பெரிய வாத்தியார் அதைப் பற்றிப் பேசவில்லை. நான் ஏன் ஞாபகப்படுத்தப் போகிறேன்.

வெள்ளிக்கிழமை வராதே

இன்ஸ்பெக்டர் துரை வரும் நாள் தெரிந்தது. வெள்ளிக்கிழமை.

திங்கட்கிழமை பெரிய வாத்தியார் என்னைக் கூப்பிட்டு, அன்று ஒரு நாள் மட்டும் தூளி வேண்டாம் என்றார். கடுமையாகச் சொல்லவில்லை. கமிட்டிக்காரர்களும் கூட வருவார்கள், உங்கள் வேலை விஷயம் என்றார். அவர் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. ஒரு நாள்தானே என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன். அஞ்சலையைத் தனியாக அழைத்து, வெள்ளிக்கிழமை மட்டும் வரவேண்டாம் என்று சொன்னேன்.

"சரி வாத்தியாரம்மா" என்றாள். கொஞ்சம் தள்ளிப் போய்விட்டுத் திரும்பி வந்தாள். "ஜன்னல்கிட்ட நிக்கலாமா?"

வேண்டாம், துரை பார்த்துவிடுவார் என்றேன்.

அவள் தலையை ஆட்டிவிட்டுப் போய் உட்கார்ந்தாள். வேலைக்குச் சேர்ந்த ஆறு மாதத்தில் நான் செய்த எல்லாப் பிழைகளிலும் பெரியது அதுதான். காதரை அடித்ததைவிடப் பெரியது. அடித்தது கோபத்தில். இது நன்றாக யோசித்துச் செய்தது.

எந்த வகுப்பில் பயில்கிறான்?

துரை புதன்கிழமையே வந்துவிட்டார்.

கணக்கு நேரம். தூளி காலியாக இருந்தது. துரைக்கண்ணு அப்போதுதான் தவழப் பழகியிருந்தான். தரையில் விட்டு, முன்வரிசைப் பிள்ளைகள் காலை அணைபோல வைத்துக் காவல் காப்பது வழக்கம். அன்று திரைக்கு அந்தப் பக்கம் நாற்காலிகள் இழுபடும் சத்தமும் "வாருங்கள் ஐயா" என்ற பெரிய வாத்தியாரின் பதற்றமான குரலும் கேட்டதும் எல்லாருடைய கவனமும் அங்கே போனது. காலணை எங்கோ உடைந்தது.

குனிந்து பார்த்தபோது, துரைக்கண்ணுவின் பின்பாகம் சாக்குத் திரைக்கு அடியில் நுழைந்து மறைந்துகொண்டிருந்தது.

நான் திரையை விலக்கிக்கொண்டு ஓடினேன். எனக்குப் பின்னால் அஞ்சலை, அவளுக்குப் பின்னால் காதர். நாற்காலியில் வெள்ளை உடுப்பில் ஒரு நெட்டையான துரை. பக்கத்தில் கமிட்டிக்காரர்கள் இரண்டு பேர். துரைக்கண்ணு அவருடைய காலடியில் உட்கார்ந்து, பளபளவென்றிருந்த சப்பாத்தின் நாடாவை அவிழ்த்து வாயில் வைத்திருந்தான்.

துரைக்குத் தமிழ் தெரியும். புத்தகத்தில் படித்த தமிழ். குனிந்து குழந்தையைக் கூர்ந்து பார்த்துவிட்டு, ஒவ்வொரு எழுத்தாக உச்சரித்துக் கேட்டார்.

"இச்சிறுவன் எவ்வகுப்பில் பயில்கிறான்?"

காதர்தான் முந்திக்கொண்டான்.

"அவன் படிக்கல தொரை. தூங்க வர்றான்."

கமிட்டிக்காரர் ஒருவர் இருமினார். நான் செத்தேன் என்று நினைத்துக்கொண்டேன். அப்போது பெரிய வாத்தியார் தொண்டையைச் செருமிக்கொண்டு முன்னால் வந்தார். தன் உத்தரவின் பேரில்தான் குழந்தை இங்கே இருக்கிறது என்றார். அக்காள்காரி படிப்பை நிறுத்தாமல் இருக்க இதைத் தவிர வேறு வழியில்லை என்றும் சொன்னார்.

துரை எழுந்து, அவிழ்ந்த நாடாவோடு என் வகுப்புக்குள் வந்தார். தூளியைப் பார்த்தார். அதை விரித்து நிற்கும் ரூல்தடியைப் பார்த்தார். பிறகு காதரைப் பார்த்து, ஏழெட்டு எவ்வளவு என்று கேட்டார்.

காதர் விழித்தான். அவன் கை தானாகப் பெஞ்சைத் தேடியது. அஞ்சலை தூக்கி வந்திருந்த தம்பியைத் தூளியில் போட்டு, சேலையின் ஓரத்தைக் காதரின் கையில் கொடுத்தாள். அவன் ஆட்டத் தொடங்கினான். ஓரேழு ஏழு, ஈரேழு பதினாலு என்று ஆரம்பித்துத் தாளம் பிசகாமல் போய், "ஏழெட்டு அம்பத்தாறு" என்று சொல்லிவிட்டு நிற்காமல் பத்து வரை போனான். எட்டாம் வாய்ப்பாட்டைத் தானாகவே தொடங்கினான். வகுப்பு அவனோடு தாழ்ந்த குரலில் சேர்ந்துகொண்டது. எட்டாம் வாய்ப்பாடு முடிவதற்குள் துரைக்கண்ணு தூங்கிப்போனான்.

கமிட்டிக்காரர் ஏதோ பேச வாயெடுத்தார். முன்வரிசைப் பையன் தூளியைக் காட்டினான். அவர் வாயை மூடிக்கொண்டார்.

அதற்குப் பிறகு நடந்த பரீட்சை முழுக்க ரகசியக் குரலில்தான். துரை ஒவ்வொரு பெஞ்சாகப் போய், முழங்காலை மடித்துக் குனிந்து, பிள்ளைகளின் காதில் கேள்வி கேட்டார். பிள்ளைகள் அவர் காதில் பதில் சொன்னார்கள். போகும்போது வாசலில் நின்று தூளிப் பக்கம் திரும்பிப் பார்த்து, "துயில்கிறான்" என்று கிசுகிசுத்தார். அந்த வார்த்தையை ஒரு வாயிலிருந்து நான் கேட்டது அது ஒரே தடவைதான்.

பார்வையாளர் புத்தகத்தில் அவர் எழுதியதைப் பெரிய வாத்தியார் எனக்குப் படித்துக் காட்டினார். ஒழுங்கு நன்று, கணக்கு மிக நன்று. குழந்தையைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. தடுக்கவும் இல்லை, அனுமதிக்கவும் இல்லை. கமிட்டி என்னை வைத்துக்கொண்டது. தடுக்கவில்லை என்றால் அனுமதி என்றே நாங்கள் எடுத்துக்கொண்டோம். செய்தி எப்படியோ பரவி, அடுத்த மாதமே இன்னும் இரண்டு பிள்ளைகள் தம்பி தங்கைகளைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார்கள். கொக்கிகள் நிறைய இருந்தன. பெரிய வாத்தியார் தலையில் கைவைத்துக்கொண்டார். ஆனால் மூன்றாவது தூளிக்குச் சேலை அவர் வீட்டிலிருந்துதான் வந்தது.

எனக்காகத் துரையிடம் பொய் சொன்னீர்களே சார் என்று ஒரு நாள் கேட்டேன்.

"பொய் இல்லம்மா. ஒரு வாரம்னு சொன்னேன். எந்த வாரம்னு சொல்லலியே" என்றார்.

அம்மா உட்கார்ந்த பெஞ்சு

புதன்கிழமைக்குத் திரும்புகிறேன். அன்றைய நாள் துரையோடு முடியவில்லை.

துரை போனபின் அஞ்சலையை எல்லார் முன்னாலும் அழைத்து, வெள்ளிக்கிழமை வரவேண்டாம் என்று நான் சொன்னது தப்பு என்றேன். வெள்ளிக்கிழமையும் வரணும், அதற்கப்புறமும் தினம் வரணும் என்றேன். அவளுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. காலைப் பார்த்துக்கொண்டு, சரி என்றாள்.

வீட்டுக்கு விடும் மணி அடிக்கும் நேரத்தில் ஒரு பெண் ஓடிவந்து வாசலில் நின்றாள். மாரியாயி. தலைமுடியிலும் தோளிலும் சாக்கு நார் ஒட்டியிருந்தது. மூச்சு வாங்கியது. உங்கள் பிள்ளையை வெள்ளைக்காரத் துரை பிடித்துவிட்டார் என்று கிடங்கில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். கையிலிருந்த கோணி ஊசியைக்கூட வைத்துவிட்டு வரவில்லை.

ஒன்றும் இல்லை என்று சொல்லி உள்ளே அழைத்தேன். அவள் வாசற்படியைத் தாண்டத் தயங்கினாள். பெரிய வாத்தியாரே வந்து, உள்ளே வாங்கம்மா, குழந்தை தூங்குறான் என்றார். தூளியை எட்டிப் பார்த்தாள். மகன் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தான். அப்போதுதான் அவளுக்கு மூச்சு சீரானது. பிள்ளைகள் நகர்ந்து முன்பெஞ்சில் இடம் விட்டார்கள். ஓரத்தில், பாதி உடம்பு வெளியே இருக்கும்படி உட்கார்ந்தாள். இதற்கு முன் பள்ளிக்கூடத்துக்குள் வந்ததில்லை என்றாள்.

அஞ்சலை எவ்வளவு நன்றாகப் படிக்கிறாள் என்று நான் சொல்ல ஆரம்பித்தேன். மாரியாயி நான் பேசுவதைக் கேட்கவில்லை. மகளின் கையிலிருந்த பாடப் புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதுல என்ன எழுதியிருக்கு?" என்று மகளிடம் கேட்டாள்.

அஞ்சலை என்னைப் பார்த்தாள். நான் தலையசைத்தேன். அவள் எழுந்து நின்று, அன்றைய பாடத்தைப் படித்தாள். காட்டில் ஒரு யானைக்கூட்டம் ஆற்றைக் கடப்பதைப் பற்றிய சின்னப் பாடம். குழந்தை தூங்குவதால் மெல்லத்தான் படித்தாள். ஒரு வார்த்தையிலும் தடுமாறவில்லை. மாரியாயி ஊசியை மடியில் வைத்துக்கொண்டு, மகளின் வாயையே பார்த்துக் கேட்டாள். குட்டி யானை தண்ணீரில் வழுக்கும் இடத்தில் சிரித்தாள்.

அந்தப் பக்கம் மணி அடித்தது. பெரிய பிள்ளைகள் எழுந்து ஓடினார்கள். என் வகுப்பில் ஒருவரும் அசையவில்லை.

அஞ்சலை புத்தகத்தை மூடினாள்.

"இன்னொரு தடவ படி" என்றாள் அவள் அம்மா. பெஞ்சில் இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளி உட்கார்ந்துகொண்டாள்.